ஜங்கிள் கிராணி

போன மாதம் என் மகள் கோமதி என்னைச் சைகோனுக்கு அழைத்துப் போனாள். அந்த ஊருக்கு இப்போது வேறு பெயர். என் வாயில் பழைய பெயர்தான் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். மலாக்காவை விட்டு வெளியே கிளம்புவதென்றால் எனக்கு மூட்டுவலித் தைலம், நான்கு வகை மாத்திரை, காதில் மாட்டும் கருவி, அதற்கு உபரி பேட்டரி என்று தனியாக ஒரு பெட்டியே வேண்டும். "இப்பப் பார்க்கலன்னா எப்பப்பா பார்க்கப் போறீங்க?" என்றாள். எதைப் பார்ப்பதற்கு என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று நாள் பயணம்.

கடைசி நாள் மதியம் ஒரு பிரெஞ்சு பாணிச் சாப்பாட்டுக் கடை. கடை என்றால் கோமதிக்குக் கோபம் வரும். ரெஸ்டாரண்ட். வெள்ளைக்காரன் விட்டுப்போன பழைய வீடு. மஞ்சள் சுவர், பச்சைச் சன்னல், மேலே சோம்பலாகச் சுற்றும் மின்விசிறி. மேசை விரிப்பின் வெள்ளையைப் பார்த்தபோது அதன்மேல் சோறு சிந்திவிடுவேனோ என்ற பயம்தான் முதலில் வந்தது. அப்புறம் தெரிந்தது, சோறே கிடையாது. எனக்கு முன்னால் மூன்று முள்கரண்டிகளைப் பெரியது, நடு, சின்னது என்று அடுக்கி வைத்திருந்தார்கள். மூன்றையும் பார்த்துவிட்டு கையைக் கழுவி வந்து உட்கார்ந்தேன்.

பட்டியல் முழுக்க பிரெஞ்சு. கோமதி கைபேசியை அதன்மேல் பிடித்தாள். அது தமிழில் சொல்லுமாம். "மிட்டாய் வாத்து" என்று சொன்னது. அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மொழிபெயர்ப்பில் நடக்கும் தப்பைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ஏன் என்று இதுவரை அவளிடம் சொன்னதும் இல்லை.

மிட்டாய் வாத்து நல்ல வாத்துதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் பல்லுக்கு அது கொஞ்சம் அதிகம். பாதிக்கு மேல் மீந்துவிட்டது. ஒரு கூடை ரொட்டியும் அப்படியே இருந்தது. வெள்ளைக் கையுறை போட்ட பரிசாரகப் பையனைக் கூப்பிட்டு, "இதைக் கட்டிக் கொடு" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவன் மரியாதையாகத் தலையைக் குனிந்தான். "நோ, சார். ஃபுட் கேன்னாட் கோ அவுட்சைட்" என்றான். சாப்பாடு வெளியே போகக் கூடாது.

எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. எண்பதைத் தாண்டிய கிழவன் எழுந்து நின்று கத்தினேன். என் தட்டில் இருப்பது என்னுடையது, அது எங்கே போக வேண்டும் என்று சொல்ல நீ யார், உன் முதலாளி யார், எந்தச் சட்டம் என்று என்னென்னவோ கேட்டேன். பக்கத்து மேசை வெள்ளைக்காரத் தம்பதி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். கோமதி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, உட்காருங்கப்பா. எல்லாரும் பார்க்கிறாங்க. மாலுலா!"

அவளுக்கு வெட்கம் வந்தால் மலாய்தான் வரும். அந்தப் பையன் பாவம், முகம் வெளுத்துப்போய், யாரோ சொல்லிக் கொடுத்தபடி எனக்கு ஒரு காபி கொண்டுவந்து வைத்தான். காபி இலவசம், சமாதானத்துக்கு. அந்த ஊர்க் காபிக்கு அடியில் கெட்டிப்பால் இருக்கும். டின் பால். அதன் மணம் மூக்கில் ஏறியதும் என் கோபம் அந்தப் பையனை விட்டு இறங்கி, அது போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

டின் பால் என்றால் உங்களுக்கெல்லாம் ரொட்டியில் தடவிய ருசி நினைவு வரும். எனக்கு நினைவு வருவது எறும்பு. வெள்ளைக்காரன் மலாயாவை ஆண்ட கடைசி வருடங்களில் அறிவித்த அவசரகாலத்தில், காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்ச் சேரக் கூடாது என்று சர்க்கார் முடிவு செய்த பிறகு, தோட்டத்துக் கடையில் எந்த டின் வாங்கினாலும் கடைக்காரர் அங்கேயே ஆணியால் அதில் இரண்டு ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஓட்டை போட்ட டின்னை யாரும் பதுக்கி வைத்துக் காட்டுக்கு அனுப்ப முடியாது, கெட்டுப்போகும் என்பது கணக்கு. கைக்குழந்தைக்கு வாங்கிய பாலிலும் அதே ஓட்டை. தண்ணீர்க் கிண்ணத்தில் டின்னை நிறுத்தி வைத்தாலும் மறுநாள் காலையில் எறும்பு மிதக்கும். எறும்பை ஊதிவிட்டுப் பிள்ளைக்குக் கரைத்துக் கொடுத்தார்கள். இதைச் சட்டமாக எழுதியவர் வீட்டில் பிள்ளை இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. புக்கிட் ரம்பாய்க்கும் செங்குக்கும் நடுவில் இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் சின்னக் கிராணி. கிராணி என்றால் எழுத்தர்தான். ஆனால் அந்தக் காலத்தில் அது எழுத்தர் இல்லை, ஒரு குட்டித் துரை. நான் டவுன் பையன். அப்பா மலாக்கா டவுனில் தையல்காரர். என்னை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் போட்டதில் அவருக்கு இருந்த பெருமையில் பாதி என் உடம்பிலும் ஏறியிருந்தது. அப்பா தைத்த வெள்ளைக் கால்சட்டை, சட்டைப் பையில் பேனா, தலையில் எண்ணெய். தோட்டத்துக்கு வந்து நான்கைந்து மாதம் ஆகியும் தொழிலாளர் குடியிருந்த லயங்களின் பக்கம் நான் போனதில்லை. அங்கே எனக்கு என்ன வேலை? சேறு கால்சட்டையில் படும். அவர்கள் பேசுகிற தமிழ் வேறு, என் தமிழ் வேறு என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்புக்கு நான் என்ன விலை கொடுத்தேன் என்பதைவிட, யார் விலை கொடுத்தார்கள் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். ஒரே ஒரு வாசல். காவலுக்கு மாத்தாமாத்தா, அதாவது போலீஸ்காரர்கள். வாசலில் ஒரு பலகை. இங்கிலீஷ், மலாய், சீனம், தமிழ். "உணவுப் பொருள் எதுவும் இவ்வாசலைத் தாண்டி எடுத்துச் செல்லப்படக் கூடாது." அந்தத் தமிழ் என்னுடையது. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று பெரிய கிராணி என்னைத்தான் எழுதச் சொன்னார். 'கூடாது'வின் துணைக்காலுக்கு நான் ஒரு சுழி போட்டேன், அழகுக்கு. நான்கு மொழியில் எழுதிய அந்தப் பலகையில் ஒரு மொழியிலும் காரணம் எழுதவில்லை என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவே இல்லை.

காலையில் ஐந்தரை மணிக்குப் பெரட்டு, அதாவது ஆள்கணக்கு. அது முடிந்ததும் பால் வெட்டப் போகிறவர்கள் வரிசையாக அந்த வாசலைக் கடக்க வேண்டும். கேஸ் விளக்கு வெளிச்சத்தில் வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். தலைத்துணியை அவிழ்த்து உதறச் சொல்வார்கள். ஆண்களைத் தடவிப் பார்க்க ஒரு மாத்தாமாத்தா, பெண்களைத் தடவிப் பார்க்க டவுனிலிருந்து கூட்டி வந்த ஒரு அம்மாள். கொண்டைக்குள் விரல் விட்டுப் பார்ப்பாள். பால் கொடுக்கிற பெண்களின் ரவிக்கைக்குள்ளும் கை போகும். பகல் பன்னிரண்டு மணி வரை மரத்துக்கு மரம் நடந்து, வெட்டி, பால் எடுத்து, தலையில் சுமந்து வருகிறவர்கள் கையில் இருக்கலாம் என்று சட்டம் அனுமதித்தது வெறும் தண்ணீர். தேத்தண்ணீர் என்றால் சர்க்கரை இருக்கக் கூடாது. ஒருவன் அதை ருசி பார்ப்பான். ஆமாம், அடுத்தவர் போத்தலில் வாய் வைத்து ருசி பார்ப்பான்.

அஞ்சலை என்று ஒரு பெண். முப்பது வயதிருக்கும். சின்ன உருவம், பெரிய குரல். ஜப்பான்காரன் காலத்தில் அவள் புருஷனைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள், அவன் திரும்பவில்லை. இரண்டு பையன்கள். செல்வத்துக்குப் பத்து வயது, முத்துவுக்கு ஒன்பது. பள்ளிக்கூடம் இல்லாத நாள்களில் அம்மாவோடு போய், மங்கில், அதாவது மரத்துப் பால் வடியும் கிண்ணத்தில், உறைந்து கிடக்கும் கட்டிப்பாலைப் பொறுக்குவார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்றைக்கு அவள் எனக்குப் பெயர்ப்புத்தகத்தில் ஒரு வரி.

வழக்கமாகச் சோதனைக்கு நான் போவதில்லை. அன்று டவுனிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி பார்வையிட வந்திருந்தார். மொழிபெயர்க்க ஆள் வேண்டும். பெரிய கிராணி என்னை எழுப்பி அனுப்பினார். நான் எண்ணெய் தடவித் தலை சீவிக்கொண்டுதான் போனேன்.

அஞ்சலையின் வாளியில் மங்கு துடைக்கும் பழந்துணி இருந்தது. தடவிப் பார்க்கும் அம்மாள் அதை எடுத்து விரித்தாள். உள்ளே வாழையிலைத் துண்டில் இரண்டு சோற்று உருண்டை. எலுமிச்சம்பழ அளவுக்கு மேல் இல்லை. வரிசை அப்படியே நின்றுபோனது.

அதிகாரி அந்த உருண்டைகளைப் பேனாவால் தொட்டுப் பார்த்தார். யாருக்கு என்று கேள் என்றார்.

"யாருக்கு இது?" என்று கேட்டேன்.

அவள் பயப்படவில்லை. எரிச்சலாகத்தான் சொன்னாள். "காட்டுல இருக்கிற பசங்களுக்குத்தான் தம்பி. வேற யாருக்கு? விடியக்காலம் அஞ்சு மணிக்கு எந்தப் புள்ள சோறு திங்கும்?"

நான் முதல் பாதியை மொழிபெயர்த்தேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். இவ்வளவு தைரியமாக ஒப்புக்கொள்கிறாளே என்று ஆச்சரியம். "ஃபார் த பாய்ஸ் இன் த ஜங்கிள், சார்."

அதிகாரியின் முகம் மாறியது. மறுபடி சொல் என்றார். என் உச்சரிப்பு அவருக்குப் புரியவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். நிமிர்ந்து நின்று, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல் ஒவ்வொரு சொல்லாக, தெளிவாக, இரண்டாவது தடவை சொன்னேன். அவர் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். எழுதி முடிக்கும் வரை எனக்குள் ஒரு பெருமை இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், இருந்தது.

ஐந்து நிமிடத்தில் அவளை லோரியில் ஏற்றிவிட்டார்கள். "என்ன தம்பி சொன்னே? என்னன்னு சொன்னே?" என்று அவள் கேட்டுக்கொண்டே போனாள். பின்னால் நின்ற பெண்கள் வாயில் சேலையை வைத்துக்கொண்டு நின்றார்கள். மாத்தாமாத்தா அந்த இரண்டு உருண்டையையும் காகிதத்தில் சுற்றிக் கயிறு கட்டி, சாட்சிப் பொருள் என்று சீட்டு ஒட்டினான். அந்தச் சீட்டிலும் நான்தான் எழுதினேன்.

பொழுது வெளுத்த பிறகு தண்டல் மாரிமுத்து ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். தண்டல் என்றால் வெளி வேலையை மேற்பார்க்கிறவர். பேச்சு குறைவு. "கிராணி, அஞ்சலையோட பசங்களுக்கு யாராச்சும் போய்ச் சொல்லணுமே" என்றார்.

"பசங்க எங்கே இருக்காங்க?"

"காட்டுல."

பேனாவைக் கீழே வைத்தேன். "எந்தக் காட்டுல?"

அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "எந்தக் காடா? பதினேழாம் நம்பர் காடு. அவ வெட்டுற நிரை அங்கதான. பசங்க முன்னாலயே பக்கத்து வீட்டு ஆளுங்ககூடப் போயிட்டானுங்க."

நான் எழுதும் புத்தகத்தில் அதன் பெயர் 'ஃபீல்டு நம்பர் பதினேழு'. தினமும் என் கையால் எழுதுவது. அங்கே வெட்டுகிறவர்கள் எல்லாரும் அதைக் காடு என்றுதான் சொல்வார்கள் என்பது, நான்கைந்து மாதம் அந்தத் தோட்டத்துச் சோற்றைத் தின்ற எனக்குத் தெரியாது. வரிசையாக நட்ட ரப்பர் மரம் அவர்களுக்குக் காடு. வேலைக்குப் போவது காட்டுக்குப் போவது. அவள் தன் பிள்ளைகள் வேலை செய்கிற இடத்தில் இருக்கிறார்கள் என்று சொன்னாள். நான் அவள் கம்யூனிஸ்டுக் கொரில்லாக்களுக்குச் சோறு கொண்டு போகிறாள் என்று சொன்னேன். இரண்டு தடவை.

சைக்கிளை எடுத்துக்கொண்டு பதினேழுக்கு ஓடினேன். கால்சட்டையெல்லாம் சேறு. பையன்கள் இரண்டு பேரும் ஒரு மரத்தடியில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள், கிராணி வந்தால் எழுந்து நிற்க வேண்டும். பெரியவன் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"அம்மா வரலையா?" என்றான். சின்னவன், "சோறு?" என்றான்.

அந்தச் சொல்லுக்கு மட்டும் நல்ல மொழிபெயர்ப்பு எனக்குத் தெரிந்திருந்தது.

அன்று மாலையே நான்கு பக்கத்தில் இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினேன். நடந்தது இது, தப்பு என்னுடையது, அந்தப் பெண் நிரபராதி. பெரிய கிராணியிடம் காட்டினேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு முழுவதும் படித்தார். இரண்டு இடத்தில் காற்புள்ளியைத் திருத்தினார். பிறகு, "அனுப்பாதே" என்றார்.

"ஏன் சார்?"

"நீ ஒரு தடவை சொன்னே, எழுதிக்கிட்டான். இப்ப மாத்திச் சொன்னா, உன்னையும் அவங்க ஆளுன்னு லோரியில ஏத்திடுவான். உங்கப்பாவை நெனச்சுப் பாரு."

அப்பாவை நினைத்துப் பார்த்தேன். பஸ் ஏறி டவுனுக்குப் போனேன். போலீஸ் ஆபீஸ் வராந்தாவில் இரண்டு நாள் உட்கார வைத்தார்கள். மூன்றாம் நாள் அதே அதிகாரி. கடிதத்தை முதல் பக்கம் மட்டும் பார்த்தார். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "நான் சந்தேகம் வந்துதான் மறுபடி சொல்லச் சொன்னேன். நீ இரண்டு தடவையும் ஒரே மாதிரி சொன்னாய்" என்றார்.

பாருங்கள், அந்த மனுஷனுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. தமிழ் தெரியாத வெள்ளைக்காரனுக்கு வந்த சந்தேகம் எனக்கு வரவில்லை. ஆனால் அவரை நான் மன்னித்துவிட்டதாக நினைக்காதீர்கள். சந்தேகம் தீர அவர் இன்னொருவரைக் கேட்டிருக்கலாம். வரிசையில் அறுபது பேர் நின்றார்கள். அந்தப் பையன்களைக் கூட்டி வரச் சொல்லியிருக்கலாம். எலுமிச்சம்பழ அளவில் இரண்டு உருண்டைச் சோறு எத்தனை கொரில்லாவுக்கு வரும் என்று தனக்குள்ளேயே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சாயங்காலம் அறிக்கையில் எழுத அவருக்கு ஒன்றும் இருந்திருக்காது.

ஏழு மாதம் கழித்துத்தான் விசாரணை என்று ஒன்று வந்தது. கோர்ட்டு இல்லை, அந்த மாதிரி ஆட்களுக்கு அப்போது கோர்ட்டு கிடையாது. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். தண்டல் மாரிமுத்துவும் நானும் சொந்தமாகவே போய் நின்றோம். தோட்டத்துத் தமிழில் காடு என்றால் என்ன என்று நான் விளக்கினேன். மாரிமுத்து என் பக்கத்தில் நின்று, "அப்படித்தான் சொல்லுவோம்ங்க, எங்கப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான்" என்றார். அதை மொழிபெயர்க்க வேறு ஆள் வைத்திருந்தார்கள்.

மூவரில் ஒருவர் கேட்டார். "அப்படியானால் நிஜமான ஜங்கிளை உங்கள் ஆட்கள் எப்படிச் சொல்வார்கள்?"

மாரிமுத்துவைப் பார்த்தேன். "பெரிய காடு" என்றார் அவர்.

மொழிபெயர்த்ததும் மூன்று பேரும் சிரித்தார்கள். ஜங்கிள், அப்புறம் பெரிய ஜங்கிள் என்று ஒருவர் மற்றவரிடம் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு நடக்கும்போது ஓரத்து பெஞ்சில் அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று யாராவது சொல்வார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யாரும் சொல்லவில்லை. நான் வாய் திறந்தேன், உட்காரச் சொன்னார்கள். கடைசியில் முடிவு என்ன தெரியுமா? மொழிபெயர்ப்பு தப்பாகவே இருந்தாலும், வாளியில் சோறு இருந்தது உண்மைதானே. அவள் தடுப்புக் காவலிலேயே இருக்கட்டும், இவ்வளவுதான். இனிமேல் என்னை மொழிபெயர்க்க அழைக்கக் கூடாது என்று மட்டும் ஒரு குறிப்பு எழுதினார்கள். அந்த ஒன்றில் அவர்கள் சொன்னது சரி.

பையன்கள் மாரிமுத்து வீட்டில் இருந்தார்கள். மாரிமுத்துவுக்கு ஏற்கெனவே ஐந்து பிள்ளைகள். நான் லயத்துக்குப் போகத் தொடங்கினேன், பாடம் சொல்லிக் கொடுக்கிற சாக்கில். பெரியவன் பாடம் கேட்பான், முகத்தைப் பார்க்க மாட்டான். சின்னவன்தான் முதலில் சொன்னது: "ஜங்கிள் கிராணி வர்றாரு." ஒரு வாரத்தில் தோட்டம் பூராவும் அதுவே என் பெயராகிவிட்டது. ஆட்கள் எதிரில் சொல்ல மாட்டார்கள், திரும்பினால் காதில் விழும். பெரிய கிராணியே ஒரு நாள் வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. நான் வாங்கிய பட்டங்களில் அது ஒன்றுதான் தகுதி பார்த்துக் கொடுத்தது.

அஞ்சலை பதினெட்டு மாதம் கழித்து வந்தாள். யாரும் கூட்டி வரவில்லை, பஸ்ஸில் இறங்கி நடந்து வந்தாள். கன்னம் ஒட்டிப்போய், அந்தப் பெரிய குரல் எங்கோ போய்விட்டிருந்தது. வேலை கேட்டு நேரே ஆபீஸுக்கு வந்தாள். தோட்டத்துத் துரை சன்னல் வழியாகவே முடியாது என்று தலையாட்டிவிட்டார். தடுப்பில் இருந்த ஆளைத் திரும்பச் சேர்ப்பதில்லையாம். அதையும் அவளிடம் தமிழில் சொல்ல வேண்டியவன் நான்.

சொன்னேன். அவள் அங்கேயே நின்று கேட்டாள். திட்டுவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவளுக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"வெள்ளைக்காரனுக்கு நம்ம பேச்சு தெரியாது, சரி. நான் தமிழ்லதானே தம்பி சொன்னேன். ஒனக்கும் தமிழ்தானே?"

என்னிடம் நான்கு பக்க இங்கிலீஷ் இருந்தது. அவளுக்குச் சொல்ல ஒரு வரித் தமிழ் இல்லை. அவள் பையன்களைக் கூட்டிக்கொண்டு கடலோரத்து உம்பாய்ப் பக்கம் தெரிந்தவர்களிடம் போனாள், மீன் காயவைக்கும் வேலைக்கு. பிறகு பெரியவன் படகில் போவதாக மாரிமுத்து சொன்னார். நான் உம்பாய்க்குப் போய்ப் பார்த்திருக்கலாம். பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. போகவில்லை. பயம்தான், வேறென்ன.

இந்தக் கதையை நான் கோமதியிடம் அந்த ரெஸ்டாரண்டில் உட்கார்ந்துதான் முதல்முதலாகச் சொன்னேன். காபி ஆறிப்போனது. "இதையெல்லாம் ஏம்பா இத்தன வருஷமா சொல்லல?" என்றாள். பெற்ற பிள்ளையிடம் எதை முதலில் சொல்வது? மலாயாவைக் காப்பாற்றியதாக மெடல் குத்திக்கொண்டவர்கள் இருந்தார்கள். அணிவகுப்பு நடந்தது, உரை நிகழ்த்தினார்கள். பால் கொடுக்கிற பெண்களின் ரவிக்கைக்குள் தினமும் கை விட்டுத்தான் அந்த நாட்டைக் காப்பாற்றினார்கள் என்று எந்த உரையிலும் யாரும் சொன்னதில்லை. ஒருவரும் வந்து, தப்பு நடந்துவிட்டது அம்மா என்று சொன்னதில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இன்னும் ஒன்றைச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அந்தச் சட்டம் எங்கள் தோட்டத்துக்கு வருவதற்கு முன்னால், காலை ஒன்பது மணிக்கு ஆபீஸில் இருந்தபடியே ஒரு சத்தம் கேட்கும். வெட்டி முடித்து, பால் வடியும்வரை கிடைக்கும் அரைமணி நேரம், பெண்கள் எல்லாரும் ஓரிடத்தில் கூடிப் பசியாறுவார்கள். தூக்குச்சட்டி மூடிகள் திறக்கும் சத்தம். ஒருத்தி வீட்டுத் துவையல் இன்னொருத்தி சட்டிக்குப் போகும். யாரோ ஒருத்தி துரை நடப்பதுபோல் நடந்து காட்டுவாள், கிராணியையும் விடமாட்டார்கள். சிரிப்பு அரைமைல் தாண்டி வந்து என் மேசைக்குக் கேட்கும். எனக்கு அப்போது அது தொந்தரவாக இருந்தது, கூட்டல் தப்பும் என்று.

சில வருடம் கழித்து ஒரு நாள் சட்டத்தைத் தளர்த்தினார்கள். இனிமேல் காட்டுக்குச் சாப்பாடு கொண்டு போகலாம் என்று பெரட்டில் மாரிமுத்து சத்தம் போட்டுச் சொன்னார். நான் எழுதிய பலகையை அவரே கழற்றி அடுப்பெரிக்கக் கொடுத்தார். மறுநாள் ஒன்பது மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சத்தம் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் சைக்கிளில் போய்ப் பார்த்தேன். பெண்கள் ஆளுக்கொரு மரத்தடியில் தனித்தனியாக நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையிலும் தூக்குச்சட்டி இல்லை. புதிதாக வேலைக்கு வந்த சின்னப் பெண்களுக்கு அப்படி ஒரு வழக்கம் இருந்ததே தெரியாது. ராக்கம்மா என்று வயதில் மூத்த ஒருத்தியிடம் கேட்டேன்.

"ஏன்க்கா, இப்பத்தான் சோறு கொண்டாரலாம்னு சொல்லிட்டாங்களே?"

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு கத்தியை எடுத்தாள். "எதுக்குத் தம்பி?" என்றாள். "வயிறு பழகிப்போச்சு."

அந்த மரங்களை வெட்டி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. லயங்கள் இல்லை, ஆபீஸ் இல்லை, வேலி போட்ட இடத்தில் தொழிற்சாலை, அதற்குப் பின்னால் வரிசை வரிசையாக வீடுகள். மாரிமுத்து இல்லை, ராக்கம்மா இல்லை. அந்த ஒன்பது மணிச் சிரிப்பைக் காதால் கேட்டவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது, எனக்குத் தெரிந்து, அன்றைக்கு எரிச்சல்பட்டு ஆபீஸ் சன்னலைச் சாத்திய நான் ஒருவன்தான்.